மண்டையோட்டுச் சேகரங்களில் இடக்குறிப்பின் முதன்மை

பள்ளி ஆய்வுக்கூடங்களிலும், கல்லூரிகளின் விலங்கியற் பகுதிகளிலும், வனத்துறை அலுவலகங்களிலும், மரப்பலகையில் பொருத்தப்பட்ட மண்டையோடுகள் சில சுவரில் மாட்டப்பட்டிருத்தல் வழக்கம். பலகையின் அடியில் ஒட்டிய காகிதச் சீட்டில் ‘புலி’ என்றோ, ‘நரி’ என்றோ, ‘மரநாய்’ என்றோ ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் அச்சீட்டும் உதிர்ந்து, பசையின் கறை மட்டுமே எஞ்சியிருக்கும். இவை காண்போர்க்கு வியப்பளிக்கின்றன. பல்லமைப்பையும் தாடையின் இயக்கத்தையும் மாணவர்க்கு விளக்க உதவுகின்றன. ஆயினும், விஞ்ஞானச் சான்று என்னும் முறையில் இவற்றின் மதிப்பு யாது என வினவினால், பெரும்பாலானவற்றுக்கு ‘மிகச் சிறிது’ என்பதே விடையாகும். இக்குறை எலும்பில் உள்ளதன்று, சீட்டில் உள்ளது.

மண்டையோட்டைப் பற்றிய செய்திகள் இருவகைப்படும். ஒருவகை, எலும்பிலேயே அடங்கியிருப்பவை. பிராணியின் இனம், ஏறத்தாழ அதன் வயது, பல இனங்களில் ஆணா பெண்ணா என்பது, பல்லின் தேய்வு, நோயின் சுவடு ஆகியவற்றை வல்லுநர் எவரும் எந்த ஆண்டிலும் அதனை எடுத்துப் பார்த்து அறியலாம். மற்றொருவகை, எலும்புக்குப் புறம்பாக நிற்பவை. எந்த ஊரில் கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது, யார் எடுத்தார், எவ்வாறு இறந்தது என்பனவற்றை அன்று உடனிருந்தவர் எழுதிவைத்தாலன்றிப் பின்னர் எவராலும் உறுதியாக அறிய இயலாது. சுருங்கக் கூறின், எலும்பு தன் இனத்தைச் சொல்லும். தன் ஊரைச் சொல்லாது. அவ்வாறிருக்க, நடைமுறையில் பெரும்பாலான சீட்டுகள் இனத்தின் பெயரை மட்டும் தாங்கி, ஊரையும் நாளையும் விட்டுவிடுகின்றன. மீட்கக் கூடியது எழுதப்படுகிறது. மீட்க இயலாதது கைவிடப்படுகிறது. இம்முறை தலைகீழானது என்பதும், இது மாறவேண்டும் என்பதுமே இங்கு வலியுறுத்தப்படுவன.

மூன்று சான்றுகள்

இக்கருத்து வெறும் அலுவலக ஒழுங்கைப் பற்றியதன்று என்பதை இந்நாட்டின் விலங்கியல் வரலாற்றிலிருந்தே மூன்று நிகழ்ச்சிகள் மெய்ப்பிக்கின்றன.

முதலாவது, பெயர் தவறாகவும் இடம் சரியாகவும் அமைந்த சீட்டைப் பற்றியது. 1948ஆம் ஆண்டில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்ட அதிகாரி, மேகமலைப் பகுதியில் ஹைவேவிஸ் எனப்படும் மலைகளில் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரத்தை அடைந்து, எங்கும் பரவலாகக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று பதியப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1972இல், தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதன் மண்டையோட்டையும் பற்களையும் ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத ஒரு தனிப் பேரினம் என்று கண்டார். பேரினத்துக்கு ‘அகன்ற பல்’ எனப் பொருள்படும் லாட்டிடென்ஸ் என்ற பெயரையும், இனத்துக்குப் பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரையும் சூட்டினார். பெயர் பிழைபட்டிருந்தும் இடக்குறிப்பு பிழைபடாதிருந்தமையால், அவ்வௌவாலை எங்குத் தேடவேண்டும் என்பது தெளிவாயிற்று. 1993இல் அம்மலைப் பகுதியிலேயே அது மீண்டும் கிடைத்தது.

இரண்டாவது, பெயர் சரியாகவும் இடம் பொய்யாகவும் அமைந்த சீட்டைப் பற்றியது. மத்திய இந்தியாவின் காடுகளில் வாழும் சிற்றாந்தை ஒன்று 1884க்குப் பின் எவர்க்கும் கிடைத்திலது. ஆனால் ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹேகன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் சேகரத்தில் இருந்த ஒரு தோல், 1914இல் குஜராத்தின் மாண்டவியில் எடுக்கப்பட்டது என்ற சீட்டைத் தாங்கியிருந்தது. அதனை நம்பிப் பலர் அவ்வட்டாரத்தில் தேடி ஏமாந்தனர். அமெரிக்க அறிஞர் பமேலா ராஸ்முசன் அத்தோலின் பதனமுறையை நுணுகி ஆராய்ந்து, அது வேறொருவர் முன்னரே சேகரித்ததென்றும், சீட்டு போலியானதென்றும் கண்டறிந்தார். பொய்க்குறிப்பை ஒதுக்கிவிட்டு மெய்யான பழைய இடங்களின் வழியே தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அவ்வாந்தை உயிருடன் காணப்பட்டது. இது மண்டையோடன்று, பறவைத் தோலே; ஆயினும் சீட்டுக்குரிய நியதி எல்லாச் சேகரங்களுக்கும் ஒன்றே. ஒரு பொய்யான ஊர்ப்பெயர், ஓர் உயிரினத்தைப் பற்றிய அறிவைப் பல்லாண்டு திசைதிருப்பிற்று.

மூன்றாவது, கேரளக் கரைக்கே உரியது. 1862இல் எட்வர்டு பிளைத் என்பவர் மலபார்ப் புனுகுப் பூனையைத் தனியினமாக வெளியிட்டார். அதற்குச் சான்றாக உள்ளவை அருங்காட்சியகங்களில் இருக்கும் மிகச் சில மாதிரிகளே. 1987இல் மலப்புறம் மாவட்டத்தின் எளையூர் அருகே அதன் தோல்கள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன்பின் காடுகளிலும் தோட்டங்களிலும் தானியங்கி நிழற்படக் கருவிகளை வைத்துத் தேடியும் உறுதியான சான்று கிடைத்திலது. புனுகு வாணிகப் பொருள். அதற்காகப் பூனைகளைக் கூண்டிலடைத்து வளர்த்ததும், தூரதேசங்களுக்கு விற்றதும் பழைய வழக்கம். எனவே அருங்காட்சியக மாதிரிகள் மலபார்க் காடுகளில் பிறந்தவையா, அன்றித் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வாணிகத்தின் வழியே வந்த வேறோர் இனத்தவையா என்ற ஐயத்தை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை எழுப்பிற்று. ‘இவ்வூர்க் காட்டில், இந்நாளில், இவர் பிடித்தது’ என்று உறுதியாகச் சொல்லும் சீட்டுகள் இருந்திருப்பின் இவ்வையத்துக்கு இடமேயில்லை. அழிவின் விளிம்பில் நிற்பதாகக் கருதப்படும் ஓர் இனம் உண்டா இல்லையா என்னும் வினாவே சீட்டின் குறையால் தொங்கிநிற்கிறது.

எல்லையூர்களின் இடர்ப்பாடு

இடக்குறிப்பு வேண்டும் என்று கூறுதல் எளிது. அதனைப் பிழையற எழுதுதல் எளிதன்று. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த உதியன்குளங்கரை போன்ற ஊர்களை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

அவ்வட்டாரம் 1949 ஜூலை 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. பின் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியமாயிற்று. 1956 நவம்பர் 1 முதல் கேரளமாயிற்று. அந்நாளிலேயே, அண்டையிலிருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை இராச்சியத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆகவே ‘தென் திருவிதாங்கூர்’ என்று மட்டும் எழுதப்பட்ட பழைய மண்டையோடு ஒன்று இன்றைய கேரளத்தினதா, தமிழ்நாட்டினதா என்று எவரும் அறுதியிட இயலாது. ‘நெய்யாற்றின்கரை’ என்று எழுதினாலும் ஐயம் தீராது. அப்பெயர் நகரத்தையும் குறிக்கும், வட்டத்தையும் குறிக்கும். 2014இல் காட்டாக்கடை வட்டம் தனியாகப் பிரியுமுன், நெய்யாற்றின்கரை வட்டம் பூவாற்றுக் கடற்கரை முதல் நெய்யாற்று வனங்கள் வரை பரந்திருந்தது. கடற்கரைத் தென்னந்தோப்பில் கிடைத்த பிராணிக்கும் மலைக்காட்டில் கிடைத்த பிராணிக்கும் ஒரே பெயரெழுதிய சீட்டு, விஞ்ஞானத்துக்கு ஒன்றுமே கூறாத சீட்டாகும்.

மொழியால் நேரும் மயக்கம் இதனினும் பெரிது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இவ்வூர்களில், தொடக்கத்தில் குறித்த மூன்று சொற்களையும் மீண்டும் நோக்குக. ‘புலி’ என்பது தமிழ் நூல்வழக்கில் வரிப்புலியைக் குறிக்கும்; மலையாளத்தில் பெரும்பாலும் சிறுத்தையைக் குறிக்கும், வரிப்புலிக்கு அங்குக் ‘கடுவா’ என்பது பெயர். ‘நரி’ என்பது தமிழில் ஊளையிடும் நரியே. மலையாளத்தில், சிறப்பாக வடபகுதி வழக்கில், அச்சொல் புலியைக் குறிப்பதும் உண்டு, நரியைக் ‘குறுக்கன்’ என்பர். தமிழர் ‘மரநாய்’ எனப் பெரும்பாலும் கூறுவது பனையிலும் தென்னையிலும் ஏறித் திரியும் பிராணியை. மலையாளிகள் அதனை ‘மரப்பட்டி’ என்பர். ‘மரநாய’ என்று அவர்கள் கூறுவதோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அரிய நீலகிரி மார்ட்டின் என்னும் வேறொரு பிராணியை. எல்லையூர்ப் பள்ளி ஒன்றில் ஒருவர் எழுதிய சீட்டை மற்றொருவர் படிக்குங்கால், எழுதியவரிடத்தும் பிழையின்றி, படித்தவரிடத்தும் பிழையின்றி, முற்றிலும் தவறான செய்தி பதிவேட்டில் ஏறக்கூடும்.

பெயர்ப்பிழையை எலும்பு திருத்தும். மரநாயின் வாயில் நாற்பது பற்கள். மேல்தாடையின் ஒவ்வொரு புறத்தும் பின்கடைவாய்ப் பற்கள் இரண்டு. மார்ட்டினுக்கு முப்பத்தெட்டுப் பற்கள். மேல்தாடையில் புறத்துக்கு ஒன்றே பின்கடைவாய்ப் பல். நன்கு வளர்ந்த வரிப்புலியின் மண்டையோட்டைச் சிறுத்தையினதிலிருந்து அளவாலேயே பெரும்பாலும் பிரித்தறியலாம். பல்லை எண்ணத் தெரிந்த மாணவன் ஒருவனே இவற்றுட் பலவற்றைத் திருத்திவிட முடியும். ஊரை அவ்வாறு திருத்துவார் எவருமில்லை.

ஆகவே இடக்குறிப்பில் சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்குச் செல்லவேண்டும். முதலில் தோட்டம், குளம், கோயில் அல்லது சாலைவளைவு, அடுத்து ஊர், அதன்பின் ஊராட்சி, வட்டம், மாவட்டம், மாநிலம் என எழுதுதல் தகும். இன்று கைப்பேசியிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கின்றன. அரசியல் எல்லைகள் மாறினும் இவ்வெண்கள் மாறா. எனினும் எண்ணை எழுதும்போது ஓரிலக்கம் பிறழ்ந்தால் ஊரே கடலுக்குள் போய்விடுமாதலின், ஊர்ப்பெயரை விடுத்து எண்ணை மட்டும் எழுதுதல் கூடாது. இரண்டும் இருப்பின் ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டும். வட்டாரப் பெயரை எழுதுவோர் அது எம்மொழிச் சொல் என்பதையும் உடன் குறித்தல் இன்றியமையாதது.

பலகையும் எலும்பும்

மண்டையோட்டைப் பலகையில் பொருத்தும் வழக்கம் வேட்டை வெற்றியைக் காட்சிக்கு வைத்த காலத்திலிருந்து வந்தது. மைசூரில் 1999 வரை இயங்கிய வான் இங்கன் நிறுவனம் பல்லாயிரம் புலி, சிறுத்தைத் தலைகளைப் பதனிட்டு அனுப்பியது. அவற்றுட் பலவற்றில் எண் இடப்பட்டிருந்தமையால், பிற்காலத்தில் அவை எந்நிறுவனத்தின் வேலை என்று அடையாளம் காண முடிகிறது. வாணிகர் தம் கணக்குக்காகச் செய்த அச்சிறு செயலையேனும் பள்ளிச் சேகரங்கள் பலவற்றில் காண இயலவில்லை. பித்தளைத் தகட்டிலோ பலகையிலோ எழுதுவதோடு நின்றுவிடுகின்றனர். பலகை உடையும், வண்ணம் பூசும்போது மண்டையோடுகளைக் கழற்றி மீண்டும் மாட்டுவர், அப்போது ஒன்றன் பலகையில் மற்றொன்று ஏறிவிடும். கீழ்த்தாடை தனியாகக் கழலும் உறுப்பாதலின், நரியின் கீழ்த்தாடை நாயின் தலையோடு சேர்வதும் உண்டு.

இதனைத் தவிர்க்கும் வழி ஒன்றே: எண்ணை எலும்பின்மேலேயே எழுதவேண்டும். பற்களையும் எலும்பு மூட்டுவாய்களையும் தவிர்த்து, சமமான ஓரிடத்தில் தெளிந்த அக்ரிலிக் பிசினை மெல்லிய பட்டையாகப் பூசி, அது உலர்ந்தபின் கரிமம் கலந்த கருமையால் எண்ணை எழுதி, மேலே மீண்டும் ஒருமுறை பிசின் பூசுதல் முறையாகும். தேவைப்படின் பின்னர் எலும்புக்கு ஊறின்றி இதனை நீக்கவும் இயலும். மண்டைக்கு ஒன்று, கீழ்த்தாடையின் இரு பாதிகளுக்கும் ஒவ்வொன்று என அதே எண்ணை மூன்றிடங்களில் எழுதுதல் வேண்டும். பந்துமுனைப் பேனாவின் மை மங்கும். பசைக் காகிதத்தை ஈரமும் இராமபாணப் பூச்சியும் விட்டுவைப்பதில்லை. மேற்குக் கரையின் மழைக்காலத்தில் அது ஈராண்டும் தாங்காது.

எண் பதிவேட்டைச் சுட்டும். பதிவேடு தைத்துக் கட்டியதாகவும் பக்க எண் இட்டதாகவும் இருத்தல் நன்று. ஒருமுறை கொடுத்த எண்ணை, அம்மண்டையோடு உடைந்தோ தொலைந்தோ போயினும், மற்றொன்றுக்குக் கொடுத்தல் ஆகாது. எண், இடம், நாள், சேகரித்தவர், கிடைத்த விதம், வட்டாரப் பெயரும் அதன் மொழியும், விஞ்ஞானப் பெயர், அப்பெயரை முடிவுசெய்தவர், முடிவுசெய்த நாள், அளவுகள், குறிப்பு என்னும் கட்டங்கள் போதும். சேகரித்தவரும் பெயர் முடிவுசெய்தவரும் வெவ்வேறானவராக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. பின்னொருவர் பெயரைத் திருத்தினால் பழையதை அழிக்காது, கீழே புதியதை நாளிட்டு எழுதவேண்டும். கணினியில் ஒரு படி வைத்தல் சிறந்ததே. ஆயினும் எலும்பின் மேலுள்ள எண்ணுக்கு அது ஈடாகாது. காட்சிக்குரிய அழகிய சீட்டு வேறு. இச்சான்றுச் சீட்டு வேறு. முன்னது பார்வையாளர்க்காக மாறிக்கொண்டே இருக்கலாம், பின்னது மாறலாகாது.

வெற்றுக் கட்டத்தின் நேர்மை

இங்கு மிக முக்கியமான ஓர் இடர் உண்டு. அது சோம்பலால் வருவதன்று, கடமையுணர்வாலேயே வருவது. பதிவேட்டில் வெற்றாக நிற்கும் கட்டம் தணிக்கையின்போது குறையாகத் தோன்றும். அதனை அஞ்சிய பொறுப்பாளர், பழைய மண்டையோடுகளுக்கு ஊகத்தால் ஊர்ப்பெயர் இடுகிறார். ‘இப்பள்ளியில் இருப்பது இவ்வட்டாரத்ததாகவே இருக்கும்’ என எண்ணி உதியன்குளங்கரை என்றோ நெய்யாறு என்றோ எழுதிவிடுகிறார். அடுத்த தலைமுறை அதனை உண்மையென்றே கொள்ளும். மேற்கூறிய சிற்றாந்தையின் சீட்டு வஞ்சத்தால் எழுதப்பட்டது. இஃது நல்லெண்ணத்தால் எழுதப்படுவது. ஆயினும் விளைவால் இரண்டும் ஒன்றே. வெற்றுக் கட்டம் அறியாமையை மட்டுமே காட்டும். ஊகத்தால் நிரப்பிய கட்டமோ அறியாமையை அறிவாக வேடமிட்டுக் காட்டும்.

எனவே பழைய சேகரங்களைப் பட்டியலிடுவோர் முதலில் பலகையில் உள்ளதை உள்ளவாறே, எழுத்துப்பிழை உட்பட, படியெடுத்தல் வேண்டும்; கழற்றுமுன் நிழற்படமும் எடுத்தல் வேண்டும். முன்பு பணியாற்றிய உதவியாளர் எவரேனும் ‘இது இன்னவூரிலிருந்து வந்தது’ எனக் கூறின், அதனை இடம் என்னும் கட்டத்தில் எழுதாது, குறிப்பில் ‘இன்னார் இந்நாளில் கூறியது’ என எழுதுதல் தகும். எதுவும் தெரியாதபோது ‘இடம் தெரியவில்லை’ என்றெழுதுவதே முறை. நாயா நரியா என்று துணிய இயலாதபோது, இரண்டுக்கும் பற்கள் நாற்பத்திரண்டே ஆதலின், ‘நாய்க் குடும்பம், இனம் துணியப்படவில்லை’ என்று நிறுத்திக்கொள்ளுதல் அறிவுடைமையாகும். தணிக்கை அதிகாரிகளும் கல்வி மேலாளர்களும் இத்தகைய பதிவைக் குறையெனக் கொள்ளாது சிறப்பெனக் கொள்ளுதல் வேண்டும். அவர்கள் மனப்பான்மை மாறாத வரையில் ஊகச் சீட்டுகள் ஒழியா.

புதிதாகச் சேகரிக்க விழைவோர் சட்டத்தையும் கருதவேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பிராணி இறந்து கிடப்பினும் அது அரசின் உடைமையே. அதன் எலும்பைக் கைக்கொண்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ அறிவித்தல் கடமை. பள்ளிக்கு ஆடு, மாடு, பன்றி, நாய், பூனை ஆகியவற்றின் மண்டையோடுகளே போதும். மேல்தாடையில் முன்பற்களே இல்லாத ஆட்டையும், நாற்பத்துநான்கு பற்களுடைய பன்றியையும் அருகருகே வைத்தால் பற்களின் பாடம் முழுவதும் அடங்கிவிடும். இவற்றுக்கும் ஊரும் நாளும் எழுதிப் பழகிய மாணவனே பின்னாளில் களத்தில் நம்பத்தக்க குறிப்பெழுதுவான்.

சிற்றூர்ப் பள்ளியின் சிறு சேகரத்துக்கு இத்துணை முயற்சி மிகையன்றோ என்று கேட்போர் உளர். வயல்கள் வாழைத்தோட்டங்களாகவும், புதர்கள் ரப்பர்த் தோட்டங்களாகவும், பிற வீட்டுமனைகளாகவும் மாறிவரும் வட்டாரத்தில், நேற்று நரி ஊளையிட்ட இடத்தில் நாளை அது இருந்தமைக்கே சான்றில்லாது போகலாம். 1857இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் அருங்காட்சியகமும், 1916இல் அமைந்த இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையும் எல்லாச் சிற்றூர்களையும் தாமே கண்காணிக்க இயலாது. ஊரும் நாளும் பிழையற எழுதப்பட்ட ஒரே ஒரு நரியின் மண்டையோடு, ஊரும் நாளுமில்லாத நூறு புலித் தலைகளினும் அவர்களுக்கு மதிப்புடையதாகும்.

ஒரு மண்டையோட்டுக்கு எண்ணிட்டுப் பதிய அரைமணி நேரம் போதும். ஆகவே சேகரத்தைப் பெருக்குமுன், உள்ளதைப் பதிவதே ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் முதற்கடமை. தெரிந்ததை அன்றே எழுதுக. தெரியாததைத் தெரியாதென்றே எழுதுக. இவ்விரண்டையும் கைக்கொண்டால், சுவரில் அழகுக்காகத் தொங்கும் எலும்புகள் நாட்டின் விலங்கியல் ஆவணங்களாக உயரும் என்பது திண்ணம்.